நிதானமா வா

நிதானமா வா என்றாள் அம்மா. பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் வெரசா போ, குளிக்கப் போனால் வெரசா வா, இலை முன்னால் உட்கார்ந்தால் வெரசா தின்னு, மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன அன்றைக்கும் வெரசா ஒரு பதிலைச் சொல்லு. திருநெல்வேலியில் எங்கள் வீட்டுப் படியை நிதானம் என்ற சொல் ஏறியதே இல்லை. இன்று காலை, நான் வேலை பார்க்கிற ஸ்வீடனிலிருந்து இந்த வளைகுடா விமான நிலையத்தில் வந்து இறங்கி, போனை உயிர்ப்பித்தேன். மதுரை விமானம் இன்று மத்தியானம் கிடையாது, நாளை விடியற்காலைதான் என்று விமானக் கம்பெனி செய்தி அனுப்பியிருந்தது. முதலில் கூப்பிட்டது அவளைத்தான். "யம்மா, ஃபிளைட்ட நாளைக்கு மாத்திட்டாங்க. மதுரையில எறங்கவே எட்டரை ஒம்பது ஆயிரும். அங்கேருந்து கார்ல வந்து சேர மத்தியானம்தான்" என்றேன். நாளைக் காலையில் என் தம்பி பரனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். அவனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார்தான் போட வேண்டும். இது அம்மாவுக்குத் தெரியாததா? ஐயோ என்பாள், விமானக்காரனைக் கரித்துக் கொட்டுவாள், என்னட்டி இப்பிடிச் சொல்லுத என்று அழுவாள் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பின்னால் யாரோ பந்தல்காரரிடம் வாழைமரம் குட்டையாக இருக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சொன்னாள்: "பரவாயில்லட்டி. நீ என்ன செய்வ, பாவம். நிதானமா வா." சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சுதான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. வார்த்தையைக்கூட மன்னித்துவிடலாம்.

நாற்காலி குளிர்ந்து கிடக்கிறது. இங்கே எல்லாமே குளிர்ந்து கிடக்கிறது, வெளியே பாலைவனம் காய்கிறதாம், உள்ளே ஸ்வீடனில் போட்ட ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. காத்திருப்பவர்களுக்கென்று கம்பெனி கொடுத்த சாப்பாட்டுக் கூப்பனைச் சுருட்டிச் சுருட்டிக் குச்சியாக்கிவிட்டேன். பசிக்கவில்லை, அல்லது பசிக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எதிரே ஒரு கூட்டம், எந்தெந்த ஊரிலோ கட்டட வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள், போர்வைப் பொட்டலத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் இதே மதுரை விமானம்தான். ஒருத்தர் முகத்திலும் பதற்றம் இல்லை. நீலச் சட்டைக்காரர் மட்டும் வீட்டுக்குப் போன் போட்டு, "நாளைக்கித்தான் புள்ள வருவேன், கறி எடுத்துராத" என்கிறார். அவருக்கு நாளைக்கு என்றால் நாளைக்கு, அவ்வளவுதான். அங்கே ஒருத்தி அதைக் கேட்டு என்னத்தை நினைத்தாள், மூச்சை விட்டாளா இழுத்தாளா? அம்மா விட்ட மூச்சை நான் தப்பாக எடுத்துக்கொள்கிறேனோ. காலையிலிருந்து நின்றபடி வேலை பார்த்திருப்பாள், மூட்டு வலி, உட்கார்ந்திருப்பாள், அப்போது வந்த மூச்சாக இருக்கும். இல்லை. எனக்கு அந்த மூச்சு தெரியும். கரண்ட் பில் கட்டப் போய், கடைசி நாள் தாண்டவில்லை என்று தெரிந்ததும் விடுகிற மூச்சு. பக்கத்து வீட்டுக்காரி வராமல் தெருவோடு போய்விட்டால் விடுகிற மூச்சு. யார் வர வேண்டாம் என்று நினைத்தாளோ அந்த ஆள் தானாகவே வராமல் போய்விட்டால், நாம் சொல்லவில்லை, பழி நம் மேல் இல்லை, பகவான் பார்த்துக்கொண்டார் என்கிற மூச்சு. எத்தனை தடவை புரட்டிப் போட்டாலும் அந்தப் பக்கம்தான் விழுகிறது.

யோசித்தால் இவ்வளவுக்கும் மூலகாரணம் ராகு. கம்பெனிக்காரன் மேலேயே எல்லாப் பழியையும் போடக் கூடாது. போன மாதமே ஒரு செய்தி வந்தது. கால அட்டவணை மாறுகிறது, இரண்டு பயணத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிளம்பினால் இங்கே இறங்கிய கையோடு அடுத்ததில் ஏறி, இன்று காலைக் காப்பியை வீட்டில் குடித்திருக்கலாம். சாயங்காலம் கிளம்பினால் இங்கே பாதி நாள் காத்திருந்து இன்று ராத்திரி போய்ச் சேரலாம். இரண்டுமே கல்யாணத்துக்கு முந்தியதுதானே என்று அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. "வெள்ளிக்கெழம பதினொண்ணா? ராகு காலம்லாட்டி! நல்ல காரியத்துக்கு வாரவ ராகு காலத்துல வாசப்படி எறங்குவாளா? சாயந்தரத்துக்கே போடு" என்றாள். நானும் மறுபேச்சுப் பேசாமல் சாயங்காலத்தை அழுத்தினேன். அம்மாவின் ராகு காலம் திருநெல்வேலிச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் இருக்கிறது. எனக்குப் பதினொரு மணி ஆகும்போது அவள் மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, ஒரு தூக்கமும் தூங்கி எழுந்திருப்பாள். அப்படியானால் ராகு யாருடைய கடிகாரத்தைப் பார்த்து வருவான்? தை மாசத்தில் ஸ்வீடனில் சூரியனே ஆபீஸ் தொடங்கிய பிறகுதான் எழுந்து வருகிறது, அந்தக் குளிரில் ராகு பாவம் எப்போது கிளம்பி எப்போது வந்து சேர? இதையெல்லாம் அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஆபீஸில் என்றால் கேட்டிருப்பேன். லாரி கம்பெனியில் எனக்கு வேலை, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்கிற வேலை, அங்கே யாராவது காரணம் இல்லாமல் ஒரு எண்ணைச் சொன்னால் விடமாட்டேன். பெரியம்மா அதை ஆணி முடுக்குத வேலை என்பாள். அம்மாவிடம் ஏன் கேட்கவில்லை? பயம்தான். ராகுவிடம் இல்லை. நாளைக்குக் கல்யாண வீட்டில் பால் திரிந்தாலும், மைக் செட் மக்கர் பண்ணினாலும், "அவ ராகு காலத்துல கெளம்பி வந்தால்லா" என்று ஒரு வாய் சொல்லும். என் பேரில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பது போதும் என்று நினைத்தேன்.

எழுதி வைத்திருப்பது வேறொன்றும் இல்லை, நானும் சுந்தரேசனும் பிரிந்துவிட்டோம். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து, ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, நானும் ஓடிப்போகவில்லை. ஊருக்குச் சொல்ல ஒரு காரணம்கூட எங்களிடம் இல்லாமல் போனதுதான் ஊருக்குப் பெரிய கஷ்டம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது, அவ்வளவுதான். எங்கள் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்டது சுந்தரேசனின் அக்கா கலா மதினி. ஊரே கைகாட்டுகிற சுமங்கலி. புருஷன் பக்கத்தில், இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கத்தில், தலை கொள்ளாத பூ. அவள் போட்ட முடிச்சில் என் பிடரி மயிர் நாலைந்து சேர்ந்து மாட்டிக்கொண்டது. அட்சதை விழுகிறது, மேளம் கொட்டுகிறது, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்குக் கழுத்துக்குப் பின்னால் சுள்ளென்று இழுக்கிறது, கண்ணில் தண்ணீர். பொண்ணு சந்தோஷத்துல அழுதா என்று வீடியோக்காரர் கிட்டே வந்து எடுத்தார். ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று அந்த மயிரை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். இப்போதுகூட நினைத்தால் கை தானாகப் பிடரிக்குப் போகிறது. அவ்வளவு நல்ல கை, அவ்வளவு ராசியான கை, அவ்வளவு இறுக்கிப் போட்டது, அதுவே நிற்கவில்லை. இதை நான் பெரியம்மாவிடம் கேட்கலாம். கேட்டால், "அதுக்குத்தான் சொல்லுதேன், நல்ல கையி போட்டே இந்த லெச்சணம்" என்பாள். அவளை யாரும் பேச்சில் மடக்கியதில்லை.

பெரியம்மாவைச் சொல்லி என்ன. மணவறையில் பரனுக்குப் பெற்றோராக உட்காரப்போவது பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். எனக்கும் அவர்கள்தான் உட்கார்ந்தார்கள். அப்பா என் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முந்தியே போய்விட்டார். அன்றைக்கு அம்மா எங்கே இருந்தாள்? நான் மணவறையிலிருந்து தேடினேன், தலையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், கண்ணை மட்டும் உருட்டி உருட்டித் தேடினேன். காய்கறி வைத்திருந்த ஸ்டோர் ரூமில் பூசணிக்காய்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாளாம், கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகப் போனாள். அதைத்தான் அவள் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறாள், அடுத்தவர் சொல்லுமுன் ஒதுங்கிவிடுவது, சொல்ல வேண்டிய சங்கடத்தை அவர்களுக்கு வைக்காமல் இருப்பது. எனக்கும் அதையே செய்திருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. வேண்டாம் என்று அவள் என்னிடம் சொல்ல மாட்டாள். நானே ஒதுங்கினால் நல்லது. நான் ஒதுங்காவிட்டால் விமானம் என்னை ஒதுக்கினால் நல்லது. நிதானமா வா. பூசணிக்காய்க்கு நடுவில் ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறாள் எனக்கு. கோபம் வருகிறது, கோபம் வந்த வேகத்தில் போய்விடுகிறது, ஏனென்றால் அவள் வில்லி இல்லை. எனக்கு ஆனது மகனுக்கும் ஆகிவிடக் கூடாது என்று நடுங்குகிறாள். தனக்கு ஆனது எனக்கு ஆகக் கூடாது என்றுதான் அன்றைக்கு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பலித்ததா?

எழுந்தேன். உட்கார்ந்திருந்தால் இதுவேதான் சுற்றும், பம்புசெட் பெல்ட் மாதிரி. விமானம் மாறுகிறவர்களுக்கான கவுண்ட்டரில் நின்ற வரிசையில் நானும் நின்றேன். கவுண்ட்டரில் ஒரு மலையாளிப் பையன், சட்டையில் ஜிபின் என்று பேர். நாளைக் காலை விமானத்தைப் பற்றி ஏற்கெனவே ஐம்பது பேருக்குச் சொன்ன அலுப்போடு எனக்கும் சொல்ல ஆரம்பித்தான். நான், "தம்பி, எனக்குத் திருநெல்வேலி போகணும், நாளைக்குக் காலையில கல்யாணம், மதுரைதான்னு இல்ல" என்றேன். அதுவரைக்கும் அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "திருநெல்வேலியா சேச்சி? அப்ப திருவனந்தபுரம் போதும்லோ. அவிடந்நு ரோடுதானே. இன்னிக்கு ஈவினிங் ஒண்ணு உண்டு" என்று தட்டச்சு செய்தான், உதட்டைப் பிதுக்கினான், மறுபடியும் தட்டினான். "சீட் உண்டு. பக்ஷே சேச்சியோட பெட்டி மதுரைக்கு டேக் ஆயிருக்கு. அது நாளைக்குத்தான் வரும். பெட்டி இல்லாம போகணும். ஓகேயா?" ஓகே என்று சொல்ல வேண்டிய இடம் அது. பின்னால் வரிசை நிற்கிறது, அவன் விரல் பொத்தான் மேல் இருக்கிறது. நான், "ஒரு நிமிஷம், யோசிச்சிட்டு வாரேன்" என்றேன். அவன், "சீக்கிரம் சேச்சி, ஒந்நோ ரெண்டோ சீட்டுதான்" என்றான். திரும்பி நடந்து வந்து அதே குளிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் இன்னும் அந்தக் கூப்பன் குச்சி.

என்ன யோசிக்க இருக்கிறது? வழி இல்லை என்று அழுதேன், வழி கிடைத்துவிட்டது. கிடைத்தபோதுதான் தெரிகிறது, வழி இல்லை என்பதில் எனக்கும் ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது. அம்மா விட்ட மூச்சில் பாதி என்னுடையது. இப்படியே இருந்துவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. விமானம் மாறிவிட்டது, யார் என்ன செய்ய முடியும், பெரியம்மா மகள் உமா இருக்கிறாள், அவளும் பரனுக்கு அக்கா முறைதான், அவள் முடிச்சைப் போட்டுவிடுவாள், நான் பந்திக்குப் போய்ச் சேர்ந்து இரண்டாம் பாயசம் குடித்து, எல்லோரிடமும் விமானக் கதையைச் சொல்லி, அவர்கள் உச்சுக்கொட்டி, அடடா, கடைசியில நீ இல்லாமப் போயிட்டியே என்று மனசாரச் சொல்லி, நானும் மனசாரக் கேட்டு, திரும்பிப் போகலாம். எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். இன்று சாயங்காலம் நான் ஏறிவிட்டால் அது முடியாது. நான் மண்டபத்தில் நிற்பேன். அப்போது யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லித்தான் ஆக வேண்டும், கோமதி வேண்டாம் என்று. அந்த வார்த்தையைக் கேட்பதற்குத்தான் பயப்படுகிறேன் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை. யாரும் சொல்லாமல், சரி என்று விட்டுவிட்டு, நான் அந்த மஞ்சள் நூலைக் கையில் எடுத்து முடிச்சும் போட்டு, ஐந்து வருஷம் கழித்து, பத்து வருஷம் கழித்து, பரனும் அவன் கட்டப்போகிற பூரணியும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒன்றும் இல்லாமல் போனால்? அப்போது பெரியம்மா வேண்டாம், நானே சொல்லிக்கொள்வேன். ராகுவைக் கேலி செய்கிற வாய் அன்றைக்கு என்ன சொல்லும் என்று எனக்கே தெரியாது. போல்ட் கழலுவது இறுக்கியவன் கையால் இல்லை, வண்டி ஓடுகிற ரோட்டால் என்று ஆபீஸில் வருஷா வருஷம் புதுப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எடுத்து என்ன. என் கையை விரித்துப் பார்த்தேன். சாதாரணக் கை. நகம் வெட்ட வேண்டும்.

பரனைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டான், மாப்பிள்ளை, நலுங்கில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டேன், எடுக்காவிட்டால் அதையும் ஒரு சகுனமாக வைத்துக்கொள்ளலாம் என்று. முதல் மணியிலேயே எடுத்தான். "யக்கா! சாப்ட்டியா?" என்றான். எங்கள் வீட்டில் பூகம்பம் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். கூப்பனைப் பார்த்துக்கொண்டு, சாப்ட்டேன் என்றேன். "அம்மா சொன்னா. மாத்திட்டான்லா ஃபிளைட்ட. சவத்துப் பயலுவ" என்றான். நாயனக்காரர் மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் குரலை இறக்கி, "உமாவ முடிச்சுப் போடச் சொல்லிட்டியாம்லா, நீயே. பெரியம்மா சொன்னா" என்றான். நீயே. அம்மாவிடம் நான் போனில் சொன்னது விமானம் மாறிய கதை மட்டும்தான். அது அம்மாவிடமிருந்து பெரியம்மாவிடம் போய், பெரியம்மாவிடமிருந்து மாப்பிள்ளை அறைக்குப் போவதற்குள் எனக்கு ஒரு பெருந்தன்மை முளைத்திருக்கிறது. ஆமா என்று சொன்னால் போதும். யாரும் பொய் சொன்னவர்கள் ஆக மாட்டார்கள், நானும் பெருந்தன்மைக்காரி ஆகிவிடுவேன். நாக்கு நுனியில் அந்த ஆமா வந்து உட்கார்ந்திருந்தது, எனக்கு அதன் ருசிகூடத் தெரிந்தது. "நான் அப்பிடிச் சொல்லல பரா" என்றேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம் தூரமாகப் போனது, அவன் எங்கேயோ நடக்கிறான், கதவு சாத்தியது. "சரி. நீ வாறதுக்கு வேற வழி இருக்கா இல்லயா, அத மட்டும் சொல்லு" என்றான். "திருவனந்தபுரத்துக்குச் சாயந்தரம் ஒண்ணு இருக்கு. ஆனா பெட்டி வராதாம். பட்டுச் சேலை பெட்டிக்குள்ள இருக்கு" என்றேன். உலகத்தில் இருக்கிற காரணத்தையெல்லாம் விட்டுவிட்டு எனக்கு அதுதான் வாயில் வந்தது. அவன் சிரித்துவிட்டான். "யக்கா, நீ கோணிச் சாக்கக் கட்டிட்டு வந்தாலும் வா." அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எனக்கு உடைந்தது. "பயமா இருக்குடா. நாளப்பின்ன ஒனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை சச்சரவுன்னு வந்தா..." என்றேன், மேலே சொல்ல முடியவில்லை. "வந்தா நாங்க ரெண்டு பேரும் போட்டுக்கிடுதோம். ஒன்கிட்ட எதுக்கு வாறோம்?" என்றான். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து, நீலச் சட்டைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். "இங்க பாரு. நான் ஒரு முடிச்சுப் போடுவேன். போட்டுட்டு நூல விடாமப் பிடிச்சிட்டு நிப்பேன். நீ வாற வரைக்கும் நிப்பேன். ஐயர் திட்டட்டும், பத்தரை தாண்டட்டும், பூரணிக்குக் கழுத்து வலிக்கட்டும். அவகிட்டயும் சொல்லிட்டேன்னு வச்சிக்க. போ, போயி டிக்கெட்ட மாத்து. கார அனுப்புதேன்." போனை வைத்துவிட்டான். சின்ன வயசில் நான் மேலத்தெருக் கடைக்குப் போய்விட்டு வரும்வரை, அக்கா வந்துதான் தின்பேன் என்று முறுக்கைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிற பையன் அவன். செய்வான்.

வரிசை நீண்டிருந்தது. என் முறை வருவதற்குள் அந்த சீட் போய்விடும், போய்விட்டால் நான் என்ன செய்வேன், அப்போது நான் உண்மையிலேயே விமானத்தால் தடுக்கப்பட்டவள், ஆனால் அதை நானே நம்ப மாட்டேன், யோசிச்சிட்டு வாரேன் என்று போனவள் நான்தானே. முன்னால் ஒரு அம்மாள் மூன்று குழந்தைகளின் பாஸ்போர்ட்டையும் ஒவ்வொன்றாகத் துழாவி எடுத்தாள். இவ்வளவு நேரம் இல்லாத அவசரம் இப்போது கால் விரலில் இருந்து ஏறியது. வெரசா, வெரசா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிற்கிறேன், அம்மா குரலில். ஜிபின் என்னைப் பார்த்ததும், "ஆலோசிச்சு முடிச்சாச்சா சேச்சி?" என்றான். முடிச்சாச்சு என்றேன். அவன் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான். அப்புறம் சீட்டு அச்சாகிற சத்தம் கேட்டது. "கல்யாணம் ஆருக்கா?" என்று கேட்டான். தம்பிக்கு என்றேன். "அப்ப சேச்சி போகாம எங்ஙனே நடக்கும்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தான். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் சொல்ல வராத அந்த ஒரு வரியை, பேர் மட்டும் தெரிந்த ஒருத்தன் சீட்டை நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டான். கூப்பனைப் பிரித்து நீவி, ஒரு கடையில் கொடுத்து, ரொட்டியும் பருப்பும் வாங்கி முழுசாகச் சாப்பிட்டேன். நல்ல பசி இருந்திருக்கிறது.

இப்போது திருவனந்தபுரம் விமானத்துக்கு ஏறும் வாசலில் நிற்கிறேன். சுற்றிலும் மலையாளம், பலாப்பழ சிப்ஸ் வாசனை, ஒரு குழந்தை தரையில் உருண்டு அடம்பிடிக்கிறது. நகத்தைப் பல்லால் கடித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் தீர்மானமாகத் தெரிகிறது. முடிச்சுப் போடுமுன் பூரணியின் பிடரி மயிரை ஒரு கையால் ஒதுக்கிவிட வேண்டும், ஒன்றுகூட மாட்டக் கூடாது. அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. பயம் போகவில்லை, பையில் கிடக்கிறது, போர்டிங் பாஸோடு அதுவும் வரட்டும். போன் அடித்தது. அம்மா. எடுக்காமல் கொஞ்ச நேரம் அந்தப் பேரைப் பார்த்தேன். எடுத்தேன். "ஏட்டி" என்றாள். "சொல்லும்மா." "ஏறிட்டியா?" "இன்னும் இல்ல, கூப்புடப் போறாங்க." பின்னால் பந்தலும் இல்லை வாழைமரமும் இல்லை, தனியாக எங்கேயோ வந்து நின்று பேசுகிறாள், ஸ்டோர் ரூமாகத்தான் இருக்கும். "பரன் வந்து ஆடித் தீத்துட்டான்" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "நான் ஒன்ன வேண்டாம்னு நெனைக்கலட்டி. பயந்துட்டேன்." "எனக்கும்தாம்மா பயம்." "உமாதான் போடணும்னு பெரியம்மா சொன்னா, நானும் வாயத் தெறக்கல." "இப்ப என்ன சொல்லுதா?" "மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. வச்சிக்கிடட்டும்" என்றாள். அம்மா பெரியம்மாவைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. வரிசை நகர ஆரம்பித்தது, நானும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தேன். "பெட்டி வராதாம்லா" என்றாள். ஆமா என்றேன். "என் மாம்பழக் கலர் பட்டு இருக்கு. அப்பா எடுத்துக் குடுத்தது. பீரோவுல சும்மாதான கெடக்கு. ஜாக்கெட்டுதான்... ஒனக்கு இப்ப என்ன அளவுட்டி?" அவள் என்னைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. வீடியோவில் முகம் மட்டும்தான் தெரியும். சீட்டு வாங்குகிற பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் பெருத்துட்டேம்மா" என்றேன். "ரெண்டு பக்கமும் உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கு. இப்பவே ஒக்காந்து ஒரு தையலப் பிரிச்சு வைக்கேன்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "வெரசா வா."